கையெழுத்துப் போடாத கடுதாசி

நான் எந்த கிளினிக்குக்கும் சொந்தமில்லாத டாக்டர். அரசாங்க மருத்துவமனையில் என் ஒப்பந்தம் முடிந்ததிலிருந்து எட்டு வருஷமாக இப்படித்தான். ஒரு டாக்டர் விடுமுறையில் போனால், பிள்ளை பெற்றால், கண் ஆபரேஷன் செய்துகொண்டால், நான் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய நோயாளிகளைப் பார்ப்பேன். லோக்கம் என்று சொல்வார்கள். திங்கள், செவ்வாய் ஈப்போவில். புதனும் வியாழனும் கோப்பெங். சனி, ஞாயிறு கமுந்திங். பாரிட் புந்தாரிலிருந்து யாராவது அவசரமாகக் கூப்பிட்டால் வெள்ளிக்கிழமையும் போய்விடும். என் வீட்டுக்காரர் ஈப்போவில் பள்ளி ஆசிரியர். எங்கள் வீட்டில் யார் சமைப்பது என்பதைக் குளிர்பெட்டியில் ஒட்டிய அட்டவணைதான் சொல்லும்.

மருத்துவ மன்றம் எங்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை சான்றிதழ் தரும். நான் எந்தெந்த கிளினிக்கில் உட்காருகிறேன் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். புதிய இடம் என்றால் முன்கூட்டியே எழுதிச் சேர்க்க வேண்டும். என் சான்றிதழில் ஈப்போ இருந்தது, கோப்பெங் இருந்தது. கமுந்திங் இல்லை.

இல்லாததற்குக் காரணம் அந்த கிளினிக்கின் சொந்தக்கார டாக்டர். அறுபத்தைந்து வயதுக்காரர், நல்ல கைராசி, நோயாளிகளிடம் குரலை உயர்த்தமாட்டார். முதல் நாளே நான் கேட்டேன்.

"என் பேர சேர்க்கணுமே டாக்டர்."

"சேர்க்கலாம்மா. ஆனா அவங்க வந்து அறைய அளப்பாங்க, மருந்து அலமாரிய திறந்து பார்ப்பாங்க, ஆறு மாசம் இழுப்பாங்க. வாரத்துல ரெண்டு நாளுக்கு எதுக்குலா இதெல்லாம்? என் சாப்பு மேசையில இருக்கு. அத குத்தி உன் கையெழுத்த போடு. யாரு பார்க்கப் போறா?"

சாப்பு என்றால் ரப்பர் முத்திரை. பெயர், பதிவு எண், கிளினிக் முகவரி எல்லாம் அதில் இருக்கும். என்னுடைய முத்திரை என் கைப்பையிலேயே இருந்தது. கமுந்திங்கில் மட்டும் அதை வெளியே எடுக்கவில்லை. அவர் கட்டாயப்படுத்தினார் என்று நான் சொல்ல முடியாது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. படிவம் நிரப்ப வேண்டாம், காத்திருக்க வேண்டாம். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

பிறகுதான் கடலுக்கு அப்பாலுள்ள மாநிலங்களான சபாவும் சரவாக்கும் வந்தன. கோலாலம்பூரிலிருந்து ஒரு முகவர் பெண் போன் செய்தாள். சபாவில் செம்பனைத் தோட்ட கிளினிக்குகளுக்கும் சரவாக்கில் சின்னச் சின்ன ஊர்களுக்கும் டாக்டர் தேவை, இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில் என்றாள். எனக்கு உடனே ஆசை வந்துவிட்டது. ஊர் ஊராகக் கார் ஓட்டி அலுத்துப் போயிருந்தேன். அதைவிட, விமானத்தில் போய் வேலை பார்க்கிற டாக்டர் என்ற பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. என் அப்பாவும் அம்மாவும் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அந்தத் தோட்டத்திலிருந்து வந்த முதல் டாக்டர் நான். இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் வேறு யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

மலேசியாவில் பிறந்தவளாக இருந்தாலும் தீபகற்பத்துக்காரி சபாவில் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். சரவாக்குக்கு இன்னொன்று. ஒரே நாடு, மூன்று வாசல். இரண்டு மாதம் காகிதம் சேர்த்தேன். பட்டச் சான்று, பதிவுச் சான்று, பழைய மருத்துவமனையிலிருந்து கடிதம், வேலை பார்த்த ஒவ்வொரு கிளினிக்கிலிருந்தும் கடிதம், நீல நிறப் பின்னணியில் படம், அதையே வெள்ளைப் பின்னணியிலும். கடைசியாக ஒரு உறுதிமொழிப் படிவம். சான்றிதழில் உள்ள இடங்களைத் தவிர வேறெங்காவது தொழில் செய்ததுண்டா என்று அதில் ஒரு கேள்வி. 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டேன். ஈப்போவில் ஒரு சீன உணவுக்கடை மாடியில் சத்தியப் பிரமாண அதிகாரியின் அலுவலகம். அவர் முன்னால் நின்று, நான் சொல்வதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட்டேன். என் கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. கீழே இறங்கி வந்து கோய்த்தியாவ் சாப்பிட்டேன்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்து ஒரு வாரத்தில், கமுந்திங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த அக்கா வந்தார். ஐம்பது வயது இருக்கும். தொழிற்பேட்டையில் மின்சாரப் பாகங்கள் செய்யும் பெக்டரியில் இருபது வருஷமாக வேலை. காய்ச்சல், இடுப்புக்கு மேல் வலது பக்கம் வலி. முதுகில் லேசாகத் தட்டியதும் பல்லைக் கடித்தார். சிறுநீரில் சீழும் ரத்தமும் தெரிந்தது. சிறுநீரகத்தில் கிருமித் தொற்று, கல்லும் இருக்கலாம் என்று சொல்லி, மருந்து எழுதி, தைப்பிங் மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கக் கடிதமும் கொடுத்தேன்.

"எத்தன நாள் எம்.சி. வேணும்க்கா?"

"வேணாம் டாக்டர். நாளைக்கு ஆள் கம்மி. சூப்பர்வைசர் திட்டுவான்."

"காய்ச்சலோட நின்னா விழுந்துடுவீங்க. ரெண்டு நாள் தர்றேன்."

எம்.சி. என்றால் மருத்துவ விடுப்புச் சீட்டு; அவர் அதை வேண்டாம் என்று சொன்னதை நான் மறக்கவே முடியாது. நான்தான் வற்புறுத்தி எழுதினேன். திங்கள், செவ்வாய். சொந்தக்கார டாக்டரின் முத்திரையைக் குத்தினேன். கீழே என் கையெழுத்து.

எழுதும்போது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. நீங்க கோப்பெங் பக்கம் தோட்டம்தானே?"

தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

"அப்பவே நினைச்சேன். நான் மேல் லயத்து வீட்டுப் பொண்ணு. உங்களுக்குப் படிக்க எடம் கெடச்சப்ப கோயில்ல மால போட்டாங்க இல்ல? நான் அங்கதான் நின்னேன். பிறகு கல்யாணம் ஆகி இந்தப் பக்கம் வந்துட்டேன்." வலியோடு சிரித்தார். "நம்ம தோட்டத்துப் புள்ள கையால மருந்து வாங்குறேன் பாருங்க."

தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார். என் கைப்பேசி எண்ணைக் கேட்டார். கொடுத்தேன். பாதி சந்தோஷத்திலும் பாதி பெருமையிலும்தான் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை கிளினிக் திறந்தவுடன் அவர் வந்து நின்றார். நோயாளியாக வரவில்லை. நம்பர் எடுக்காமல், கதவோரம் நின்று, கடைசி ஆள் போகும்வரை காத்திருந்துவிட்டு உள்ளே வந்தார். உட்காரவில்லை.

நடந்தது இதுதான். நான் எம்.சி. எழுதிய அந்த வாரம் சொந்தக்கார டாக்டர் மெல்பர்னில் மகன் வீட்டில் இருந்தார். பேரனோடு எடுத்த படத்தை கிளினிக்கின் முகநூல் பக்கத்திலேயே போட்டிருந்தார். பெக்டரியில் எம்.சி.களைச் சோதிக்கிற பெண் அதைப் பார்த்துவிட்டாள். ஊரில் இல்லாத டாக்டர் எப்படிச் சீட்டு கொடுத்தார்? கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டபோது முகப்பில் இருந்த பெண், டாக்டர் அந்த வாரம் விடுமுறை என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். இன்னொரு டாக்டர் இருந்ததைச் சொல்லக்கூடாது என்பது அவளுக்கு உத்தரவு. பெக்டரிக்காரர்கள் 'போலி எம்.சி.' என்று எழுதி, அக்காவை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஒண்ணும் பெருசா இல்ல தங்கச்சி. ஒரு கடுதாசி போதும். அன்னிக்கு என்னப் பார்த்தது நீங்கதான்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. வியாழக்கிழம பத்து மணிக்கு விசாரண."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்க்கா."

அவர் தலையை ஆட்டினார். அவருக்குச் சந்தேகமே வரவில்லை. "மெதுவா கேளுங்க. வியாழக்கிழமதானே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு அந்த உயராத குரலில் சொன்னார்: "நீ எழுதினா என்னாகும்னு யோசி. என் கிளினிக் லைசன்ஸ் ஒரு பக்கம். உன் சபா, சரவாக் ரெண்டும் ஒரு பக்கம். நீ சத்தியப் பத்திரத்துல என்னம்மா எழுதின?"

அவரிடம் அதைச் சொன்னதே நான்தான், ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, சிரித்துக்கொண்டே.

"அந்தம்மாவுக்கு வேற பெக்டரியா கெடைக்காது?" என்றார். நான் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த நான்கு நாளும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு மாலை வீட்டில் கடுதாசியை எழுதினேன். நன்றாகவே எழுதினேன். தேதி, நேரம், நோய், பரிசோதனை முடிவு எல்லாம் இருந்தது. அச்செடுத்து மேசையில் வைத்தேன். பேனாவை எடுத்தேன், மூடினேன். பிறகு அதை மடித்து, பழைய மருத்துவப் புத்தகம் ஒன்றுக்குள் வைத்துவிட்டேன்.

அக்கா செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார். எடுக்கவில்லை. புதன்கிழமை இரண்டு முறை. அப்புறம் ஒரு குரல் செய்தி: "தங்கச்சி, நீங்க வேலையா இருப்பீங்க. கடுதாசி ரெடின்னா சொல்லுங்க, என் மக வந்து வாங்கிக்குவா. கோப்பெங்கா இருந்தாலும் பரவால்ல, பஸ் எடுத்து வந்துடுவா." குரலில் கோபம் ஒரு துளியும் இல்லை.

வியாழக்கிழமை நான் கோப்பெங்கில் இருந்தேன். ஒன்பதரைக்குக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். பத்து மணிக்கு எனக்கு முன்னால் ஒரு மலாய்த் தாத்தா உட்கார்ந்திருந்தார். சர்க்கரைப் புண். அவர் காலைச் சுத்தம் செய்து கட்டினேன். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்து, மிகவும் அக்கறையாகச் செய்தேன். அந்த அக்கறையை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பதினொன்றரைக்கு கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்து அழைப்புகள், எல்லாம் பத்திலிருந்து பதினொன்றுக்குள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பிறகு அவர் கூப்பிடவே இல்லை.

அந்த வாரமே கமுந்திங் வேலையை விட்டுவிட்டேன். நேர்மையால் இல்லை. அங்கே போனால் அவர் வந்து நிற்பாரோ என்ற பயம்.

அடுத்த மாதம் சபா அனுமதி வந்தது, பின்னாலேயே சரவாக். வீட்டுக்காரர் கோப்பு முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே நீ கடல் தாண்டின டாக்டர்லா" என்றார். நான் சிரித்தேன். சபாவில் லகாட் டத்துவுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இரண்டு இரண்டு வாரமாக உட்கார்ந்தேன். தொழிலாளிகள் பெரும்பாலும் இந்தோனேசியர்கள். எம்.சி. கேட்கப் பயந்து, வலியைக் குறைத்துச் சொல்வார்கள். நான் கேட்காமலேயே எழுதிக் கொடுப்பேன். அங்கே என் முத்திரை, என் பெயர், என் எண். ஒருநாள் முதுகுவலிக்கார இளைஞன் ஒருவன் சீட்டை வாங்கி, அதில் குத்தியிருந்த என் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தான். நான் எழுந்தேன். கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்காரருக்குத் தெரிந்தது தற்செயலாகத்தான். ஐந்தாவது முறை திரும்பி வந்தபோது, ஈப்போ பேருந்து நிலையத்திலிருந்து நானே காரை ஓட்டிவந்த வழியில், முகவர் அனுப்பிய குரல் செய்தி ஒன்றை என் கைப்பேசியில் தேடித் தரும்படி அவரிடம் சொன்னேன். அவர் விரல் தவறி அக்காவின் செய்தி ஓடியது. நான் அதை அழிக்கவே இல்லை. முழுவதும் ஓடி முடிந்தது.

"யாரு இந்த அக்கா?"

சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"கடுதாசி எழுதினியா?"

"எழுதினேன். கையெழுத்து போடல."

வீட்டில் நான் காரை நிறுத்தியதும், அவர் இறங்காமல், "நான் ஸ்கூல்ல புள்ளைங்ககிட்ட உன்னப் பத்திச் சொல்லியிருக்கேன்" என்றார். அவ்வளவுதான். பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை, புத்தகத்துக்குள் இருந்த கடுதாசியை எடுத்து, தேதியை மாற்றி, மறுபடி அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, என் முத்திரையையும் குத்தினேன். கமுந்திங்கில் அக்கா இருந்த அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுப் பெண், அவர் இப்போது தைப்பிங்கில் டோபி கடையில் வேலை பார்க்கிறார் என்று வழி சொன்னாள்.

சின்னக் கடை. நான்கைந்து இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தவில்லை.

"வாங்க டாக்டர்" என்றார்.

'தங்கச்சி' போய்விட்டது.

கடுதாசியை நீட்டினேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒவ்வொரு வரியாக மெதுவாகப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க." பிறகு மேலே தேதியைப் பார்த்தார். "இன்னிக்குத் தேதி."

"ஆமாக்கா."

"இத நான் யாருகிட்ட டாக்டர் குடுக்குறது?"

ஒரு இயந்திரம் நின்றது. அவர் போய்த் துணிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்தார்.

"அன்னிக்கு மூணு பேரு உட்கார்ந்திருந்தாங்க" என்றார். "அதுல ஒரு பொண்ணு நம்ம ஆளு. நான் சொன்னேன், என்னப் பார்த்த டாக்டர் எங்க தோட்டத்துப் புள்ள, கண்டிப்பா வருவாங்க, இல்லன்னா கடுதாசியாவது அனுப்புவாங்கன்னு. அவங்களும் நல்ல மாதிரிதான். பதினோரு மணி வரைக்கும் காத்திருந்தாங்க. அந்தப் பொண்ணு எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தா. அதுக்கப்புறம் அவங்க என்ன செய்வாங்க?"

"நான் பயந்துட்டேன்க்கா" என்றேன். அதற்காகச் சொல்லத் தயார் செய்து வைத்திருந்த மற்ற வாக்கியங்கள் எல்லாம் அந்த இடத்தில் நிற்கவில்லை. "என் மேல வந்துடும்னு பயந்துட்டேன்."

"தெரியும் டாக்டர். விசாரணைக்கு மறுநாளே தெரிஞ்சுபோச்சு. ஆனா மககிட்ட சொல்லல. நீங்க வெளியூர் போயிட்டீங்கன்னு சொன்னேன்."

அவர் என்னைத் தன் மகளிடமிருந்துகூடக் காப்பாற்றியிருந்தார். நான் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் கிளம்பும்போது அவர் ஒன்று மட்டும் கேட்டார். "வேலையெல்லாம் வேணாம். என் பைல்ல 'போலி'ன்னு எழுதி வச்சிருக்காங்க. இருபது வருஷத்துல நான் ஒரு பொய் எம்.சி. எடுத்ததில்ல. அந்த ஒரு வார்த்தய எடுக்க முடியுமா பாருங்க."

திங்கட்கிழமை பெக்டரிக்கு எழுதினேன். மருத்துவ மன்றத்துக்கும் எழுதினேன்: கமுந்திங்கில் இரண்டு வருஷம் பதியாமல் வேலை பார்த்தேன், இன்னொருவர் முத்திரையைப் பயன்படுத்தினேன், சத்தியப் பத்திரத்தில் பொய் சொன்னேன். எழுதப் போகிறேன் என்று சொந்தக்கார டாக்டரிடம் முன்னதாகவே சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். அதன்பின் பேசியதில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்ததில், வேலை நீக்கத்தை எதிர்த்து முறையிடும் காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்றார்கள். எனக்கு விசாரணை நடந்தது. அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். சபா அனுமதி ரத்தானது, சரவாக்கில் புதுப்பிக்கவில்லை. சிலர் நான் தைரியசாலி என்றார்கள். அந்தச் சொல்லை வாங்கி எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பேச்சை மாற்றினேன்.

நான்கு மாதம் கழித்து, கோப்பெங்கில் ஒரு புதன்கிழமை மத்தியானம், அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"பெக்டரியில இருந்து கடுதாசி வந்துச்சு டாக்டர். அந்த வார்த்தய எடுத்துட்டாங்களாம். மக படிச்சுக் காட்டினா."

"திரும்பக் கூப்பிட்டாங்களாக்கா?"

"இல்ல. கூப்பிட்டாலும் போகமாட்டேன். இங்க பழகிருச்சு."

"இடுப்பு வலி எப்படி இருக்கு? ஸ்கேன் எடுத்தீங்களா?"

"கல்லுன்னாங்க. அடுத்த மாசம் பெரிய ஆஸ்பத்திரியில தேதி குடுத்திருக்காங்க."

"கோப்பெங்குக்கு வாங்கக்கா. நான் பார்க்குறேன். இல்ல, நானே அங்க வாரேன்."

பின்னால் இயந்திரம் ஓடுவது கேட்டது.

"வேணாம் டாக்டர். அங்கயே பார்த்துக்குறேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். "சரி, வேல இருக்கும் உங்களுக்கு. வச்சுடறேன்."

நான் திரும்பக் கூப்பிடவில்லை. வெளியே எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொன்னேன்.